அசக்குசாவில் எது பழையது?

பழைய ஊரொன்றைப் பார்க்கப் புறப்படுவோர் பெரும்பாலும் கல்லைத் தேடியே செல்கின்றனர். எந்த அரசன் நாட்டிய தூண், எந்த நூற்றாண்டுச் சிற்பம், எவர் காலத்துச் சாசனம் என்று கேட்டறிந்து, அந்தக் கல்லின் வயதையே ஊரின் வயதாகக் கொள்வது நம்மவர் வழக்கம். அநுராதபுரத்திலும் மாமல்லபுரத்திலும் இந்த அளவுகோல் நன்றாகவே பயன்படும். யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலே அசக்குசா என்னும் பகுதிக்கு இதனைக் கொண்டு சென்றாலோ அளவுகோல் கையிலேயே முறிந்துவிடும்.

அங்கே சென்சோஜி என்னும் பௌத்தக் கோயில் இருக்கிறது. அந்நகரின் கோயில்களுள் அதுவே மிகப் பழையது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக வழிபாடு நடந்து வருகிறது. ஆயினும் அங்கு செல்வோரின் கண்ணை முதலிற் கவரும் நான்கு பெரிய கட்டடங்களுள் ஒன்றேனும் 1958ஆம் ஆண்டுக்கு முற்பட்டதன்று. அப்படியானால் 1,400 ஆண்டு என்பது எதன் வயது? இந்தக் கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டே இவ்வாரம் அசக்குசாவைச் சுற்றி வருவோம். எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் நிறுத்தி, “நீ எப்போது வந்தாய்?” என்று கேட்போம்.

அசக்குசா தோக்கியோவின் வடகிழக்கிலே, சுமிதா ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்தது. அங்கு செல்வதற்கு எளிய வழி நிலக்கீழ்ப் புகையிரதம். அந்தப் புகையிரதப் பாதைக்கும் ஒரு பெருமையுண்டு. உவெனோவிலிருந்து அசக்குசா வரை 1927ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆந் திகதி திறக்கப்பட்ட 2.2 கிலோமீற்றர் நீளமான அப்பாதையே கிழக்காசியாவில் முதன்முதல் அமைந்த நிலக்கீழ்ப் பாதை. நகரின் முதற் பாதையை அசக்குசாவுக்கு இட்டதிலிருந்தே, அக்காலத்து மக்கள் எங்கே போக விரும்பினர் என்பது விளங்கும்.

வலையில் வந்த விக்கிரகம்

கோயிலின் கதை ஒரு மீன்வலையில் தொடங்குகிறது. 628ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18ஆந் திகதி, கினொகுமா குடும்பத்துச் சகோதரர் இருவர் சுமிதா ஆற்றில் வலை வீசினர் என்றும், மீனுக்குப் பதிலாகச் சிறியதொரு விக்கிரகம் வலையில் வந்தது என்றும் ஐதிகம் கூறுகிறது. அதனைக் கண்ட கிராமத் தலைவர் இது கன்னொன் திருவுரு என்று அறிந்து, தமது இல்லத்தையே கோயிலாக்கித் தாமும் துறவு பூண்டார். 645ஆம் ஆண்டிலே சோக்காய் என்னும் துறவி அங்கு ஒரு மண்டபம் எழுப்பினார். கனவிலே தமக்குக் கிடைத்த ஆணையின்படி அவ்விக்கிரகத்தை எவர் கண்ணிலும் படாதவாறு மறைத்து வைத்தார். அன்று மறைந்தது மறைந்ததுதான். அடியார்கள் இன்றும் காணாத மூர்த்தியையே வணங்குகின்றனர். அதற்கு முன்னே வைக்கப்பட்டிருக்கும் வேறொரு படிமத்தைக் கூட ஆண்டில் ஒரு நாள், டிசம்பர் 13ஆந் திகதி, சிறிது நேரமே தரிசிக்கலாம்.

கன்னொன் யார் என்று கேட்கும் மாணவர்க்கு ஒரு சொல். வடமொழியில் அவலோகிதேசுவரர் எனப்படும் போதிசத்துவரே சீனத்தின் வழியாக யப்பானுக்குச் சென்று கன்னொன் ஆனார். துன்புறுவோரின் குரலுக்குச் செவிசாய்ப்பவர் என்பது அவருக்குரிய பெருமை. இவர் தமிழுக்கும் அந்நியர் அல்லர். பதினோராம் நூற்றாண்டிலே புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்திய முனிவர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடத்தில் என்று சொல்கிறது. பொதியமலை முனிவருக்கு ஆசிரியராகத் தமிழ்ப் பௌத்தர் போற்றியவரும், சுமிதா ஆற்று வலையர் கண்டெடுத்தவரும் ஒருவரே என்பதை எண்ணும்போது அசக்குசா நமக்குச் சற்று அண்மையில் வந்துவிடுகிறது.

இடிவாயிலும் கடைத்தெருவும்

கோயிலுக்குச் செல்வோரை முதலில் எதிர்கொள்வது கமினரிமொன். “இடிவாயில்” என்பது அதன் பொருள். வாயிலின் நடுவே செந்நிறக் கடதாசி விளக்கொன்று தொங்குகிறது. அதன் உயரம் 3.9 மீற்றர், அகலம் 3.3 மீற்றர், நிறை ஏறக்குறைய 700 கிலோகிராம். யப்பானைப் பற்றிய புகைப்படத் தொகுதி எதைத் திறந்தாலும் இந்த விளக்கைக் காணாதிருக்க முடியாது. அதன் அடியிலே நின்று நிமிர்ந்து நோக்கினால், மரத்திற் செதுக்கிய பறவைநாகம் ஒன்று தெரியும். படம் பிடிக்கும் அவசரத்தில் பலர் அதைக் காண்பதில்லை. வாயிலின் ஒரு புறத்தில் காற்றுத் தெய்வமும் மறுபுறத்தில் இடித் தெய்வமும் காவல் நிற்கின்றன.

“நீ எப்போது வந்தாய்?” என்று வாயிலைக் கேட்டால், அது “1960ஆம் ஆண்டில்” என்று விடை கூறும். பழைய வாயில் 1865ஆம் ஆண்டுத் தீயில் எரிந்துபோயிற்று. பின்பு 95 ஆண்டுகள் அவ்விடத்தில் நிலையான வாயில் இருக்கவில்லை. மின்சாதன உற்பத்தியிலே பெரும் புகழ் பெற்ற மட்சுஷிட்டா கொனோசுகே நோயுற்றிருந்தபோது கன்னொனை வேண்டிக் குணமடைந்து, அதற்கு நன்றியாக இன்றைய வாயிலைக் கட்டிக் கொடுத்தார். நேர்த்திக்கடன் என்று நாம் சொல்வது இதுவே. காவல் தெய்வங்கள் இரண்டிலும் இன்னுமொரு விந்தையுண்டு. 1865ஆம் ஆண்டுத் தீயிலிருந்து மீட்கப்பட்டவை அவற்றின் தலைகள் மாத்திரமே. உடல்கள் பிற்காலத்திற் செய்யப்பட்டவை. பழைய தலையும் புதிய உடலுமாக நிற்கும் அவையே அசக்குசாவின் வரலாற்றுக்கு நல்ல முகவுரை.

வாயிலைக் கடந்ததும் நக்கமிசே என்னும் கடைத்தெரு தொடங்குகிறது. 250 மீற்றர் நீளத்தில் இருபுறமும் ஏறக்குறைய 90 சிறு கடைகள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, கோயில் வளாகத்தைக் கூட்டித் துப்புரவு செய்யும் கடமையை ஏற்ற அயலவர்க்கு அதற்கு ஈடாக இங்கே கடை வைக்கும் உரிமை வழங்கப்பட்டது. விளக்குமாற்றிலிருந்து பிறந்த வாணிகம் என்று இதனைச் சொல்லலாம். 1885ஆம் ஆண்டில் எழுந்த செங்கற் கடைகள் 1923ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் இடிந்தன. 1925ஆம் ஆண்டிலே கொங்கிறீற்றுக் கடைகள் எழுந்தன. 1945ஆம் ஆண்டில் அவற்றின் உள்ளெல்லாம் எரிந்தபோதிலும் சுவர்கள் நின்றன. வணிகர் அவற்றினுள்ளே மீண்டும் பலகை அடித்துப் பண்டம் பரப்பினர்.

இங்கே விற்கும் தின்பண்டங்களுள் கமினரி ஒக்கொசி என்பது பெயர் பெற்றது. பொரித்த அரிசியைப் பாகிற் சேர்த்து இறுக்கித் துண்டு செய்வது. நம் வீட்டுப் பொரிவிளாங்காயை உண்டவர்க்கு அதன் சுவை புதிதன்று. “ஒக்கொசி” என்னும் ஒலி யப்பானிய மொழியிலே “எழுப்புதல்” என்றும் பொருள்படும். ஆதலால் குடியை எழுப்பவும் பெயரை எழுப்பவும் இது நல்ல சகுனம் என்று கருதி வாங்கிச் செல்வர். மீண்டும் மீண்டும் தன்னை எழுப்பிக்கொண்ட ஓர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு ஏது!

இலங்கை தந்த கொடை

கடைத்தெருவின் முடிவில் கோசோமொன் என்னும் பெருவாயில் நிற்கிறது. இதன் மேல்மாடியிலே பௌத்த நூல்களைப் பாதுகாக்கின்றனர். இது 1964ஆம் ஆண்டுக் கட்டடம். பின்புறச் சுவரில், 4.5 மீற்றர் நீளமான வைக்கோற் பாதரட்சைகள் இரண்டு தொங்குவதைக் காணலாம். யமகற்றா மாகாணத்து முறையமா என்னும் ஊரார் இவற்றைப் பின்னிக் காணிக்கையாகக் கொடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வருகின்றனர். இத்துணைப் பெரிய செருப்பை அணிபவர் காவலிருக்கும் இடத்தை அணுகுவானேன் என்று தீய சக்திகள் அஞ்சி ஓடும் என்பது நம்பிக்கை.

பெருவாயிலைக் கடந்ததும் இடப்புறத்திலே ஐந்தடுக்குக் கோபுரம் எழுகிறது. தரையிலிருந்து அதன் உயரம் ஏறக்குறைய 53 மீற்றர். முன்பிருந்த கோபுரம் 1945ஆம் ஆண்டில் எரிந்தது. அது நின்றதும் இவ்விடத்தில் அன்று, பாதையின் மறுபுறத்தில். இன்றைய கோபுரம் 1973ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் உச்சி அடுக்கிலே புத்தரின் தாதுவொன்று வைக்கப்பட்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? நம் அநுராதபுரத்து இசுருமுனிய விகாரையிலிருந்து. எரிந்த கோபுரத்தை மீண்டும் எழுப்பியபோது அதன் உச்சியில் வைக்க இலங்கைத் தீவிலிருந்து கொடை சென்றது என்பதை, அக்கோபுரத்தைப் படம் பிடிக்கும் இலங்கையருள் எத்தனை பேர் அறிவரோ!

கோபுரத்துக்கு அப்பால் பெரியதொரு தூபச் சட்டி புகைந்துகொண்டிருக்கும். யாத்திரிகர் ஊதுவத்தி ஏற்றி, அதன் புகையைக் கையால் அள்ளித் தலையிலும் தோளிலும் நோவுள்ள இடங்களிலும் தடவிக்கொள்வர். கற்பூர ஆராத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அருகிலே திருவுளச் சீட்டுப் பார்க்கும் இடம். உலோகக் குடுவையைக் குலுக்கினால் சிறு துளை வழியே எண்ணிட்ட குச்சியொன்று வெளிவரும். அந்த எண்ணுக்குரிய இழுப்பறையிலிருந்து சீட்டை எடுக்க வேண்டும். நூறு சீட்டுகளில் முப்பது சீட்டு “தீயது” என்றே வருமாறு பழைய முறை வகுத்திருக்கிறது. வந்தவர் மனம் நோகுமே என்று அந்தத் தொகையைக் குறைக்கக் கோயிலார் இசையவில்லை. தீய சீட்டு வந்தவர் அதனை அங்குள்ள கம்பியிற் கட்டிவிட்டுப் போவர். நல்ல சீட்டு வந்தவர்க்குங்கூட இறுமாப்பு வேண்டா என்னும் அறிவுரை உண்டு.

இரண்டு நெருப்புக்கள்

இனி மூல மண்டபம். செந்நிறத் தூண்களும், உயர்ந்து சரியும் பெருங்கூரையும், உள்ளே விதானத்தில் கவபட்டா ரியூசி தீட்டிய பறவைநாகமும், தோமொட்டோ இன்சோ தீட்டிய தேவகன்னியரும் பார்ப்பவர் உள்ளத்தைக் கொள்ளை கொள்வன. ஆனால் மண்டபம் 1958ஆம் ஆண்டிலே கொங்கிறீற்றினாற் கட்டியது. கூரையில் ஓடுபோலத் தோன்றுவன 2010ஆம் ஆண்டளவில் மாற்றிய தைத்தானியத் தகடுகள். “இது பழைய கோயில் அன்றே!” என்று முகம் சுளிக்கும் பிரயாணிகள் உண்டு. அவர்கள் சற்று நின்று இந்த மண்டபத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

1649ஆம் ஆண்டிலே தொக்குகாவா இயெமிட்சு என்னும் ஆட்சித் தலைவர் கட்டுவித்த மர மண்டபம் இங்கே இருந்தது. 1923ஆம் ஆண்டு செத்தெம்பர் முதலாந் திகதி நண்பகலில், பகலுணவுக்காக அடுப்புகள் எரியும் வேளையிலே, பூமி அதிர்ந்தது. மர வீடுகளில் தீ மூண்டு அசக்குசாவையே விழுங்கியது. வீடிழந்தோர் திரள் திரளாகக் கோயில் வளாகத்துக்கு ஓடினர். சுற்றிலும் எல்லாம் எரிந்தும் நெருப்பு மண்டபத்தைத் தீண்டவில்லை. திறந்த வெளியும் மரங்களும் காற்றின் போக்கும், மக்கள் ஓயாது இறைத்த நீரும் அதற்குக் காரணங்கள். ஆனால் உயிர் பிழைத்தவன் காரணங்களை எண்ணிக்கொண்டிருப்பானா? கன்னொன் காத்தருளினார் என்பதே ஊராரின் உறுதியான எண்ணம். கன்னொன் மண்டபம் எரியாது என்னும் நம்பிக்கை அன்று வேரூன்றியது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1945ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆந் திகதி இரவு முதல் 10ஆந் திகதி விடியுமுன் வரை, ஏறக்குறைய முந்நூறு அமெரிக்க விமானங்கள் தோக்கியோவின் கிழக்குப் பகுதிகளின்மேல் எரிகுண்டுகளைப் பொழிந்தன. அசக்குசாவில் பலர் முன்பு தப்பிய இடத்தை நினைந்து மீண்டும் கோயிலை நோக்கியே ஓடினர். பெற்றோர் தமது அனுபவத்தை நம்பிப் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றனர். அந்த இரவிலே மண்டபம் எரிந்தது, கோபுரம் எரிந்தது, பெருவாயில் எரிந்தது. தோக்கியோ முழுவதிலும் அந்த ஓரிரவில் ஏறக்குறைய 100,000 பேர் மாண்டனர்.

பூமிக்குள் முன்னரே புதைத்து வைக்கப்பட்டிருந்தமையால் மூல விக்கிரகம் தப்பியது. ஆனால் மக்கள் தப்பவில்லையே! காத்தருள்வார் என்று ஓடி வந்தவர்கள் எரிந்துபோன பின், எஞ்சியவர் அந்த இடத்தை விட்டுப் போயிருந்தால் அவர்களை யார் குறை கூறுவர்? அவர்கள் போகவில்லை. தாமே வீடின்றி இருந்த காலத்தில் மண்டபத்துக்காகப் பொருள் சேர்த்தனர். அசக்குசாவின் கேளிக்கைப் பகுதியில், மக்கள் மாலை வேளைகளில் கூடிக் களித்த சுரைக்காய்க் குளம் என்னும் அழகிய குளத்தைத் தூர்த்து, அந்நிலத்தை 1951ஆம் ஆண்டில் விற்று, வந்த பணத்தையும் திருப்பணிக்குச் சேர்த்தனர். ஏழே ஆண்டில் மண்டபம் எழுந்தது. மரத்தை விட்டுக் கொங்கிறீற்றைத் தேர்ந்ததன் கருத்தும் இப்போது விளங்கும். இனியொரு தடவை எரியலாகாது என்பதே அது. நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை. ஆயினும் நம்பிக்கையை மாத்திரம் கூரையாகப் போடவுமில்லை.

குளம் இருந்த பக்கம் கோயிலுக்கு மேற்கே உள்ளது. ஆறாம் வட்டாரம் எனப்படும் அப்பகுதி ஒரு காலத்தில் யப்பானியக் கேளிக்கைகளின் தலைமையிடமாக விளங்கியது. 1890ஆம் ஆண்டில் எழுந்த பன்னிரண்டு மாடிக் கோபுரத்தில் நாட்டின் முதல் மின்தூக்கி ஏறியிறங்கியது. 1903ஆம் ஆண்டில் நாட்டின் முதல் நிரந்தரச் சலனப்பட மண்டபம் இங்கேதான் திறக்கப்பட்டது. பன்னிரண்டு மாடி 1923ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் முறிந்தது. 1853ஆம் ஆண்டிலே பூந்தோட்டமாகத் தொடங்கிய கனயசிக்கி என்னும் சிறுவர் கேளிக்கைத் தோட்டம் மாத்திரம் இன்றும் பிள்ளைகளின் ஆரவாரத்தோடு இருக்கிறது.

எரியாது எஞ்சியவை

மண்டபத்துக்கு வலப்புறமாகத் திரும்பினால் கூட்டம் குறைகிறது. அங்கே அசக்குசா சிந்தோக் கோயில் நிற்கிறது. “நீ எப்போது வந்தாய்?” என்று கேட்டால், இதுதான் “1649ஆம் ஆண்டில்” என்று விடை பகர்வது. இயெமிட்சு கட்டுவித்த கட்டடங்களுள் பூமியதிர்ச்சிக்கும் குண்டுக்கும் தப்பி நிற்பது இது. 1960ஆம் ஆண்டு வாயிலின் முன்னே ஆயிரம் பேர் படத்துக்கு நிற்கையில், முந்நூற்றெழுபது ஆண்டு கடந்த இந்தக் கோயிலின் முற்றத்தில் அமைதி நிலவுகிறது. இங்கே வணங்கப்படுவோர் யார் தெரியுமா? வலை வீசிய அச்சகோதரர் இருவரும், விக்கிரகத்தை அறிந்து போற்றிய கிராமத் தலைவருமே. திருவுருவைக் கண்டெடுத்த மனிதரையே தெய்வமாக்கி, அத்திருவுருவின் கோயிலுக்கு அயலிலே குடியேற்றி வைத்திருக்கின்றனர். பௌத்தக் கோயிலிலே ஓசையின்றிக் கைகூப்பிய அதே அடியார், இங்கே இருமுறை தலை தாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை தலை தாழ்த்துவர்.

இதற்குக் கிழக்கே உள்ள நிதென்மொன் என்னும் வாயிலும் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. மூல மண்டபத்தின் அருகில் நிற்கும் இங்கோ மரத்தை எவரும் பாராது போதல் ஆகாது. அதன் அடிமரத்திலே 1945ஆம் ஆண்டுத் தீயின் கரிவடு இன்றும் இருக்கிறது. அந்த வடுவோடு ஒவ்வொரு வசந்தத்திலும் அது தளிர்க்கிறது.

சற்றுத் தெற்கே சிறு மேடொன்றில் பென்தென் சந்நிதி. பென்தென் என்பவர் நம் சரசுவதியே. இங்கே நரைத்த கூந்தலோடு முதியவளாக எழுந்தருளியிருக்கிறார். அம்மேட்டிலே 1692ஆம் ஆண்டில் வார்த்த மணியொன்று தொங்குகிறது. எடோ எனப்பட்ட பழைய நகருக்குப் பொழுது அறிவித்த மணி அது. குண்டு வீச்சிலே கூண்டு அழிந்தும் மணி பிழைத்தது. இன்றும் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அதனை ஒலிக்கச் செய்கின்றனர். ஆண்டின் கடைசி இரவில் 108 முறை ஒலிக்கும்.

கட்டடங்களினும் பழைமை மிக்கவை அசக்குசாவின் திருநாட்கள். மே மாத நடுவில் நடைபெறும் சஞ்சா விழாவிலே, வலைஞர் இருவருக்கும் தலைவருக்குமாக மூன்று பெரிய சிவிகைகள் வீதி வலம் வரும். அவற்றோடு வட்டாரந்தோறும் இருந்து நூறளவான சிவிகைகளை இளைஞர் தோளிலே சுமந்து குலுக்கி ஆடி வருவர். அந்நாட்களில் இடிவாயிலின் பெருவிளக்கையும் மேலே மடித்துக் கட்டி வழிவிடுவர். ஜூலை 9, 10ஆந் திகதிகளில் வந்து வணங்கினால் 46,000 நாள் வணங்கிய பயன் கிட்டும் என்பர். நாளொன்றுக்கு ஒருமுறையாகக் கணக்கிட்டால் அது 126 ஆண்டு. ஒரு மனித ஆயுளுக்கு மேல்! பெப்ரவரி 8ஆந் திகதியோ தையல் வேலை செய்வோர்க்கு உரியது. ஆண்டு முழுவதும் தைத்து முறிந்த ஊசிகளைக் கொண்டு வந்து, மெத்தென்ற சோயா அவரைக் கட்டியிலே குத்தி வைத்து நன்றி செலுத்துவர். கடினமான துணியைத் துளைத்துத் தேய்ந்த ஊசி இறுதியிலாவது மெத்தென்ற இடத்தில் இளைப்பாறட்டும் என்னும் எண்ணம் எத்துணைக் கனிவுடையது!

ஆற்றங்கரையில்

கோயிலிலிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால் சுமிதா ஆறு. எதிர்க்கரையிலே 2012ஆம் ஆண்டில் திறந்த 634 மீற்றர் உயரக் கோபுரம் வானளாவி நிற்கிறது. கண்கள் அங்கேயே செல்லும். சற்று வடக்கே உள்ள கொத்தொத்தொய் பாலத்தடியில், பூங்காவினுள்ளே, ஒரு நினைவுக்கல் இருப்பது பலர் கண்ணிற்படுவதில்லை. 1945ஆம் ஆண்டின் அந்த இரவிலே, அசக்குசாவில் இருந்தோர் அக்கரை பாதுகாப்பென்று பாலத்தில் ஏறினர். அக்கரையில் இருந்தோர் இக்கரை பாதுகாப்பென்று ஏறினர். இரு கூட்டமும் நடுவிலே நெருங்கி அசைய வழியின்றி நிற்க, நெருப்பு பாலத்தின்மேல் பாய்ந்தது. பிற்காலத்தில் பாலத்தைச் செப்பனிட்டபோது பெயர்த்த பழைய கற்கள் சிலவற்றை நினைவுக்கல்லின் பக்கத்தில் வைத்திருக்கின்றனர். விளக்கம் எதுவும் வேண்டாத கற்கள் அவை. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இவ்விடத்தைத் தவிர்த்தல் கூடாது. கோயில் ஏன் கொங்கிறீற்றாயிற்று என்று அவர்கள் கேட்டால் விடை இங்கேதான் இருக்கிறது.

பாலத்துக்கு வடக்கே ஆற்றோரமாக மட்சுச்சியமா என்னும் சிறு குன்று. பத்து மீற்றர் உயரமே உடையது. இதன்மேலுள்ள கோயில் சென்சோஜியின் கிளைக் கோயில். இங்கே எழுந்தருளியிருப்பவர் காங்கிதென். வேறு யாருமல்லர், ஆனைமுகப் பிள்ளையாரே. இந்தியாவிலிருந்து சீனம் சென்று, அங்கிருந்து பௌத்தத் துறவிகளோடு யப்பானில் இறங்கியவர். ஒன்றையொன்று தழுவி நிற்கும் இரு ஆனைமுக உருவங்களாக அமைப்பது அந்நாட்டு மரபு. மூல மூர்த்தியை எவரும் காண்பதில்லை.

மோதகமும் கொழுக்கட்டையும் படைத்துப் பழகிய நமக்கு இங்குள்ள படையல் வியப்பளிக்கும். வெண்முள்ளங்கி! முழுமுழு முள்ளங்கிகளை வாங்கிச் சந்நிதியில் அடுக்குவர். கோயிற் சுவரிலும் படியிலும் விளக்கிலும் பின்னிப் பிணைந்த இரு முள்ளங்கிகளும் பணப்பையும் சின்னமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முள்ளங்கி உடலைத் தூய்மை செய்து இல்லறத்துக்கு ஒற்றுமை தரும். பணப்பை செல்வம் தரும். படைத்த முள்ளங்கிகளைப் பின்னர் அடியார்க்குப் பிரசாதமாகக் கொடுப்பர். ஜனவரி 7ஆந் திகதி முள்ளங்கித் திருவிழா. அன்று வந்தவர்க்கெல்லாம் வேகவைத்த முள்ளங்கி வழங்கப்படும்.

இந்தக் கோயிலையும் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிடுவோம். 1945ஆம் ஆண்டில் எரிந்தது. இன்றைய மண்டபம் 1961ஆம் ஆண்டில் எழுந்தது. பழைய எடோ காலத்து மண்மதில் ஒரு துண்டு மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

ஆகவே அசக்குசாவில் எது பழையது? ஒரு சிந்தோக் கோயில், ஒரு வாயில், ஒரு மணி, ஒரு மண்மதில் துண்டு, கரிந்த ஒரு மரம். கல்லையும் மரத்தையும் கணக்கிட்டால் இவ்வளவே முன்னிற்கும். ஆனால் காலை ஆறு மணிக்கு மணி ஒலிக்கிறது. அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒருவர் நின்று கைகூப்புகிறார். ஒரு முதியவள் பேரப்பிள்ளையின் தலையில் தூபப் புகையைத் தடவுகிறாள். நேற்றும் தடவினர், மண்டபமே இல்லாதிருந்த ஆண்டுகளிலும் மக்கள் இங்கு வந்து வணங்கினர். 1,400 ஆண்டு என்பது இந்த வருகையின் வயது. தீயினால் அதைத் தீண்ட இயலவில்லை.

அசக்குசாவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் மாணவர்க்கு ஒரு யோசனை கூறி முடிப்போம். சிறு குறிப்புப் புத்தகமொன்றைக் கையிற் கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள். முதன்முதல் எழுந்த ஆண்டு ஒன்று, இப்போது காண்பது எழுந்த ஆண்டு மற்றொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் யார் என்ன செய்தனர் என்று கேட்டறிந்து எழுதுங்கள். கூட்டம் சேருமுன், விடியற்காலையிலேயே செல்வது நன்று. திரும்பும்போது மட்சுச்சியமாக் குன்றின் பிரசாத முள்ளங்கி கிடைத்தால் மறுக்க வேண்டா. பிள்ளையார் கொடுத்தது அல்லவா!